வண்டிக்கு ஒன்றுமில்லை, கழுத்துக்கு?



போன இதழில் சேற்றுப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கழுத்தைப் பற்றி எழுதுகிறேன். கழுத்து வலி என்று கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டி இடித்ததைச் சொல்வதே இல்லை. நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. "அது போன வாரம் நடந்ததுங்க டிரெசரையா, அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?" என்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணன் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. லயத்தை விட்டு வெளியேறித் தாமானில் வீடு எடுத்திருக்கிறார். காலையில் அக்காள் மகன் பேக்டரிக்குப் போகிற வழியில் காரில் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கிவிடுவான். சில மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, விடியாத இருட்டு, அசாம் ஜாவா சந்திப்பில் கார் வரிசையில் நின்றிருந்தது. பின்னால் வந்த வேன் பிரேக் பிடித்தும் நிற்காமல் மோதிவிட்டது. இறங்கிப் பார்த்தார்கள். பம்பரில் ஒரு கீறல், ஒரு விளக்கு உடைசல், அவ்வளவுதான். வேன்காரர் 200 வெள்ளியை எடுத்து நீட்டினார். மருமகன் வாங்கிக்கொண்டான். போலீஸ் இல்லை, கிளினிக் இல்லை. அண்ணன் நேரே பிரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு அன்று முழுதும் குலை வெட்டினார்.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தன் தலையைத் தானே பிடித்துத் தூக்கி உட்கார்ந்தாராம். அவர் வீட்டு அக்கா நல்லெண்ணெய் காய்ச்சிப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "ஒரு திருப்பு திருப்பி நெட்டி எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்று தலையைப் பிடிக்க வந்திருக்கிறார். நல்ல வேளை, அக்கா விடவில்லை. "மொதல்ல டிரெசர் பார்க்கட்டும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு, "ஒண்ணுமில்லீங்க, சுளுக்கு. ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க, வேலைக்குப் போகணும்" என்பதுதான்.

ஒன்றுமில்லையா என்று பார்ப்போம்.

மனிதன் தலை ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையை ஏழு சின்ன எலும்புகளை அடுக்கி அதன் மேல் வைத்திருக்கிறது நம் உடம்பு. (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.) எலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டுகள், சுற்றிலும் தசை, எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கும் நார்கள். நடுவில் உள்ள துவாரத்தின் வழியாக மூளையிலிருந்து தண்டுவடம் கீழே இறங்குகிறது. கைக்கும் காலுக்கும் மூச்சுக்கும் மலசலத்துக்கும் உத்தரவு போகிற கம்பி அது. விரல் மொத்தம்கூட இல்லை.

நிற்கும் காரைப் பின்னாலிருந்து ஒருவன் மோதினால் என்ன நடக்கிறது? கார் முன்னால் தள்ளப்படுகிறது. சீட் நம் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. தலையை யாரும் தள்ளவில்லை. அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு முன்னே போய்விட்டது, தலை பின்னே நிற்கிறது. நடுவில் அகப்பட்ட கழுத்து பாம்பு நெளிவது போல் நெளிகிறது. கீழ்ப்பகுதி ஒரு பக்கம், மேல்பகுதி மறுபக்கம். அடுத்த கணம் தலை பின்னால் சாய்ந்து, பிறகு முன்னால் வீசப்படுகிறது. கழுத்து நெளிவதெல்லாம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். கண்ணாடியில் வேனைப் பார்த்துக் கழுத்தை விறைப்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சாட்டையைச் சுண்டினால் நுனி எப்படி வீசி அடிக்கிறதோ அப்படி என்பதால் இங்கிலீஷில் இதற்கு ‘விப்லாஷ்’ என்று பேர். 1928-ல் அமெரிக்காவில் ஹெரால்ட் க்ரோ என்ற எலும்பு மருத்துவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தலை அசைந்த விதத்தைச் சொல்லத்தான் அவர் அப்படிச் சொன்னார். அதுவே ஒரு நோயின் பேராகிப் போனதைப் பற்றிப் பின்னாளில் அவரே வருத்தப்பட்டார்.

ஆகவே பம்பர் நசுங்கியதை வைத்துக் கழுத்தை அளக்க முடியாது. பம்பர் நசுங்கி வாங்கிக்கொள்ளாத அடியில் ஒரு பங்கு சீட் வழியாக ஆளுக்கு வந்து சேரும். வலியும் உடனே வருவதில்லை. அடிபட்ட தசையும் நாரும் வீங்கி இறுகச் சில மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாள், சிலருக்கு இரண்டாம் நாள்கூட ஆகும். விபத்து நடந்த இடத்தில் உடம்பு பதற்றத்தில் இருப்பதால் வலி தெரிவதும் இல்லை. 200 வெள்ளியை வாங்கிக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை.

கழுத்து மட்டும் வலிக்கும் என்றும் இல்லை. பின்மண்டையிலிருந்து கிளம்பும் தலைவலி, தோள்பட்டை கடுப்பு, மயக்கம் வருவது போல் கிறுகிறுப்பு, தாடை வலி, தூக்கம் கெடுதல், எதிலும் மனம் நிற்காமல் எரிச்சல் எல்லாம் இதோடு வரலாம். "விபத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரரு எதுக்கெடுத்தாலும் சீறி விழுறாரு" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அதுவும் இந்தக் கணக்கில் வருவதுதான்.

எப்போது டிரெசர் போதாது

நான் அந்த அண்ணனை உட்கார வைத்து முதலில் கழுத்தைத் தொடவில்லை. என் இரண்டு விரலை அவர் இரு கையிலும் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடி இரண்டும் சமமாக இருந்தது. பஞ்சால் கையிலும் காலிலும் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். வலது கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் "மதமதன்னு இருக்குங்க" என்றார். பிறகு பின்கழுத்தில் நடு எலும்பு வரிசையை மெதுவாக அழுத்திப் பார்த்தேன். கடைசியில்தான் தலையைத் தானாகத் திருப்பச் சொன்னேன். நான் திருப்பவில்லை, அவரேதான். மூக்கு நேராக இருக்கும் இடத்துக்கும் தோளுக்கும் பாதி வழியாவது, அதாவது 45 பாகை, இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். கனடா மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட விதி ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே யாருக்குத் தேவை என்று முடிவு செய்ய உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இந்த 45 பாகையும் ஒன்று. அண்ணனுக்கு வலது பக்கம் அந்தப் பாதியில் பாதிகூடத் திரும்பவில்லை. விரல் மதமதப்பும் இருக்கிறது. கழுத்துப் பட்டையைத் தாங்கலுக்குப் போட்டு, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன்.

உங்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். கையோ காலோ மரத்துப் போனால், பிடி தளர்ந்தால், நடக்கும்போது கால் பின்னினால், சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ வராமலோ போனால், என்னிடம்கூட வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். 999 கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியும் தூக்கக் கலக்கமும் தாங்க முடியாத தலைவலியும் அப்படியே. அது தலைக்குள் அடி. வாய் கோணுதல், பேச்சு குழறுதல், கண் இரண்டாகத் தெரிதல் வந்தால் கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். 65 வயதுக்கு மேற்பட்ட தாத்தா பாட்டிகள் எவ்வளவு சின்ன விபத்து என்றாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வயதான எலும்பு சத்தமில்லாமல் உடையும். தண்ணி போட்டிருந்தவர் "வலிக்கல" என்று சொல்வதையும் நம்பக் கூடாது.

நெட்டி எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் சுளுக்கு வழிக்கும் பாட்டி ஒருவர் இருந்தார். கால் சுளுக்குக்கும் குழந்தைக்கு உரம் விழுந்தாலும் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் கையில் ஒரு பதம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டியே வண்டியில் அடிபட்ட கழுத்தைத் தொட மாட்டார். "இது என் வேலை இல்லப்பா, டிரெசர்கிட்ட போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இன்றைக்குப் பழகாத கைகள்தான் துணிந்து திருப்புகின்றன. எலும்பில் விரிசல் இருக்கும் கழுத்தைச் சடக்கென்று திருப்பினால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. எலும்பு நன்றாக இருந்தாலும், முன்பு சொன்ன ரத்தக்குழாய் அந்தத் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு. எண்ணெய் தடவி மேலாகத் தேய்ப்பதில் குற்றமில்லை. இழுப்பதும் திருப்புவதும் முறிப்பதும் வேண்டாம்.

ரோட்டில் கிடப்பவரை என்ன செய்வது

நம் வட்டாரத்து ரோடுகளை உங்களுக்குத் தெரியும். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் போகிற ஐந்தாம் நம்பர் ரோட்டில் சனி ஞாயிறு வந்தால் மின்மினிப் பூச்சி பார்க்கவும் மீன் சாப்பிடவும் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் மணல் லோரிகள். (பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் நம் பெரியவர்களுக்கு விளங்கும். பேர் மாறியது 2007-ல்.) 2011-ல் லத்தார் நெடுஞ்சாலை திறந்தபின் வேகமும் கூடிவிட்டது. அதற்கு நடுவில் செம்மண் பாதையிலிருந்து நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் திடீரென்று ஏறுகிறார்கள். இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்று இன்னும் என் மனத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போன ஒரு பையனைக் கார் தட்டிவிட்டது. ஓடி வந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றி, இரண்டு பேர் கையைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, குலை தூக்குவது போல் தூக்கிப் பிக்கப் வண்டியின் பின்னால் போட்டார்கள். தலை தொங்கியது. கீழே கிடந்தபோது பையன் காலை மடக்கினான் என்று பார்த்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது கால் அசையவில்லை. தூக்கியதால்தான் அப்படி ஆனது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மோதியபோதே தண்டுவடம் நசுங்கி, வீக்கம் பிறகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொங்கிய தலை நினைவுக்கு வருகிறது.

ஆகையால் வண்டி தீப்பிடிக்கவில்லை, வாய்க்காலில் முழுகவில்லை, இன்னொரு வண்டி ஏறி வரும் இடமில்லை என்றால் ஆளை நகர்த்த வேண்டாம். ஒருவர் போய் வருகிற வண்டிகளை நிறுத்தட்டும். ஒருவர் 999 கூப்பிடட்டும். தோட்டத்தின் பேர், எத்தனையாவது மைல், பக்கத்தில் என்ன பள்ளிக்கூடம் அல்லது கோயில் என்று அடையாளம் சொல்லட்டும். இன்னொருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்து, இருக்கிற வாக்கிலேயே அசையாமல் வைத்திருக்கட்டும். நேராக்க இழுக்கக் கூடாது. "அண்ணே, தலையை ஆட்டாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று பேசிக்கொண்டே இருங்கள். காருக்குள் உட்கார்ந்திருந்தால் பின் சீட்டிலிருந்து அதே மாதிரி பிடிக்கலாம். தண்ணீர், மைலோ எதுவும் வாயில் ஊற்றக் கூடாது.

வாந்தி எடுத்தால் மட்டும் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, மூன்று பேர் தோள், இடுப்பு, கால் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவது போல் ஒரே சமயத்தில் ஒருக்களிக்க வேண்டும். எண்ணிக்கை சொல்வது தலையைப் பிடித்தவர்தான். ஹெல்மெட்டை மூச்சு முட்டினால் ஒழியக் கழற்ற வேண்டாம்; கண்ணாடியை மேலே தூக்கிவிட்டால் போதும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருவர் கீழேயிருந்து தாடையையும் பின்கழுத்தையும் தாங்க, மற்றவர் மெதுவாக நேராக இழுக்க வேண்டும். மூச்சே இல்லை என்றால் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்து நடு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். உயிர் இருந்தால்தான் கழுத்து.

பட்டையா, அசைவா?

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுத்து அடி என்றால் கழுத்துப் பட்டை, படுக்கை, ஓய்வு என்றுதான் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகினேன். பேக்டரி பஸ் இடித்து வந்த ஓர் அம்மாவுக்கு ஆறு வாரம் பட்டையைக் கழற்றாதீர்கள் என்று சொன்னேன். நல்லவர், சொன்னதைத் தட்டாமல் செய்தார். ஆறு வாரம் கழித்துக் கழற்றினால் கழுத்து கட்டையாகிவிட்டது. தசையெல்லாம் இளைத்து, தலையைத் தாங்கவே பலமில்லை. பட்டை இல்லாமல் பஸ் ஏறப் பயம். பிறகு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கும் பெண், "யார் உங்களுக்கு இவ்வளவு நாள் போடச் சொன்னது?" என்று கேட்டதாக அவரே வந்து என்னிடம் சொன்னார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த யோசனை அப்போதே பழசாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. 1995-லேயே கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கூடிய நிபுணர் குழு, இந்தக் காயத்தை வலி மட்டும் உள்ளது, விறைப்பும் சேர்ந்தது, நரம்பும் பாதித்தது, எலும்பு முறிந்தது என்று படிப்படியாகப் பிரித்துச் சொல்லிவிட்டது. முதல் இரண்டு வகைக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, பட்டையும் படுக்கையும் பயன் தருவதில்லை. கூடிய சீக்கிரம் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்புவதே நல்லது என்பது அவர்கள் முடிவு. பட்டை என்பது ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாங்கலுக்கும், டாக்டர் குறிப்பாகச் சொன்னவர்களுக்கும்தான்.

எக்ஸ்ரே பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் இப்படிச் செய்யலாம். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிஷம் வைக்கலாம். பிறகு சுடுதண்ணி ஒத்தடம். எது இதமாக இருக்கிறதோ அது. பெனடால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. தினமும் குடிப்பவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் என்னைக் கேட்காமல் போடக் கூடாது. கடையில் சில்லறையாக விற்கிற வலி மாத்திரை வேண்டாம். இரைப்பை, சிறுநீரகம், பிரஷர் உள்ளவர்களுக்கு அது கேடு.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை நேராக உட்கார்ந்து தலையை மெதுவாக வலம் இடம் திருப்புங்கள். பிறகு காதைத் தோள் பக்கம் சாயுங்கள், தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள். ஒவ்வொன்றும் ஐந்து தடவை. வலி தொடங்கும் இடத்தில் நின்று திரும்பி வர வேண்டும். வலியைத் தாண்டித் தள்ளக் கூடாது. கொஞ்சம் வலிக்கிறது என்பதால் கெடுதல் நடக்கிறது என்று அர்த்தமில்லை. மதமதப்பு கூடினால் நிறுத்திவிட்டு வாருங்கள். தலையணை ஒன்று போதும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

இழுக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசை கிழிந்ததையும் நார் இழுபட்டதையும் காட்டாது. "எக்ஸ்ரே கிளியர்" என்று எழுதி வந்ததும் மண்டோரிலிருந்து மாமியார்வரை "நடிக்கிறான்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். நோர்வே ஆராய்ச்சியாளர்கள் 1996-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். லித்துவேனியா நாட்டில் பின்னாலிருந்து கார் மோதிய 202 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அங்கே இந்தக் காயத்துக்குக் காசு கேட்கும் வழக்கமே அப்போது பெரிதாக இல்லை. ஒன்று முதல் மூன்று வருஷம் கழித்து, விபத்தில் படாத மற்றவர்களைவிட அவர்களுக்குக் கழுத்து வலி அதிகமாக இல்லை. இதைக் காட்டி ‘எல்லாம் இழப்பீட்டுக்காகப் போடும் வேஷம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பயமும், வழக்கும், "உன் கழுத்து போச்சு" என்று சுற்றியுள்ளவர்கள் சொல்வதும் வலியை நீட்டிவிடும் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். வலி பொய்யல்ல. நம்பாமல் விரட்டினாலும், பயமுறுத்திப் படுக்க வைத்தாலும் அது நீளும்.

குலை வெட்டுகிறவருக்கு இது சோற்றுப் பிரச்சினை. மற்ற வேலைக்காரர் கீழே பார்த்து வேலை செய்கிறார். குலை வெட்டுகிறவர் நாள் முழுதும் அண்ணாந்து, நீளக் கம்பின் நுனியில் அரிவாளை வைத்து இழுக்கிறார். அடிபட்ட கழுத்துக்கு இதைவிடக் கஷ்டமான வேலை எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணனுக்கு எலும்பு முறிவு இல்லை, நரம்பு மட்டும் அழுத்தப்பட்டிருந்தது. இரண்டு வாரம் எம்.சி. முடிந்ததும் கிராணியிடம் பேசி நர்சரியில் லேசான வேலை கேட்டேன். கிடைத்தது. மூன்றாவது மாதம் மறுபடி அரிவாள் எடுத்தார், முதலில் குட்டை மரங்களில். லேசான வேலை வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். வாயால் கேட்பதற்கும் காகிதத்தோடு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

காரில் ஏறும்போது ஒரு வேலை. சீட்டுக்கு மேலே தலை சாய்க்கும் திண்டு இருக்கிறதே, அது சாய்ந்து தூங்க வைத்ததல்ல. கழுத்து பின்னால் மடங்காமல் தடுக்க வைத்தது. அமெரிக்காவில் 1969-லிருந்து முன் சீட்டுக்கு அது கட்டாயம். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை அளவுக்கு இருக்க வேண்டும், குறைந்தது காதின் மேல்நுனிக்குக் கீழே போகக் கூடாது. தலைக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. கீழே இறக்கி வைத்தால் அதுவே கழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டை போல் நின்று தலையை மேலும் மடக்கிவிடும். அந்த மருமகனிடம் திண்டு எங்கே என்று கேட்டேன். "பின்னாடி பார்க்க மறைக்குதுன்னு கழட்டி வீட்ல வெச்சிருக்கேங்க" என்றான்.

சீட் பெல்ட்டும் போட வேண்டும். முன் சீட்டுக்கு 1979 முதலும், பின் சீட்டுக்கு 2009 முதலும் நம் நாட்டில் அது சட்டம். பின்னாலிருந்து இடித்தால் பெல்ட் கழுத்தைக் காப்பாற்றுவது குறைவுதான். ஆனால் முன்னால் மோதினாலும் வண்டி புரண்டாலும் ஆளை வெளியே எறியாமல் வைப்பது அதுதான். வெளியே எறியப்பட்டவர்களின் கழுத்துதான் முறிகிறது. லோரியின் பின்னால் ஆட்களை நிற்க வைத்து ஏற்றிச் செல்லும் இடங்களில் திண்டு ஏது, பெல்ட் ஏது? அது சங்கத் தலைவர்கள் பேச வேண்டிய விஷயம். எழுதுகிற இடத்தில் நான் எழுதிவிட்டேன்.

கடைசியாகக் காகித விஷயம். விபத்தில் பட்ட வண்டியை ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது 1987-ம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். மருமகன் செய்யவில்லை. வீட்டிலிருந்து நேர் வழியில் வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வரும்போதோ விபத்து நடந்தால் அது வேலை விபத்தாகவே சொக்சோ கணக்கில் சேரும். சொந்த வேலையாக வழி மாறிப் போனால் சேராமல் போகலாம். நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், மருத்துவச் செலவும் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிமாருக்கும் 2019 ஜனவரி முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

அந்த அண்ணனின் மனு போனபோது, விபத்து நடந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். கேட்பது முறைதான். தாமதமாகப் போய்ப் போலீஸ் ரிப்போர்ட் செய்தார்கள். வேன் நம்பர் யாரும் எழுதி வைக்கவில்லை. கையில் இருந்த பழைய காகிதம் ஒன்றே ஒன்று: மறுநாள் காலை கிளினிக் கார்டில் நான் எழுதிய மூன்று வரி. எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சந்திப்பு, பின்னாலிருந்து வேன் மோதல், எந்த விரலில் மதமதப்பு. நெட்டி எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் அந்த மூன்று வரியும் இருந்திருக்காது.

வண்டி இடித்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கிளினிக்குக்கு வந்து கார்டில் எழுதிவிட்டுப் போங்கள். பிரட்டுக்கு முன்னாலேயே கதவு திறந்திருக்கும். எழுத ஐந்து நிமிஷம் ஆகும்.